தரத்தைக் குறைக்காமல் எல்லா மாணவர்களையும் கரையேற்ற முடியுமா?

கேள்வி ஒரு துறைத் தலைவருடையது. முதலாண்டு அடிப்படைப் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் தேறுவதில்லை. அப்படித் தவறுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், பள்ளியில் வேறு மொழி வழியில் படித்தவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். நிர்வாகம் மாலையில் தனி வகுப்பு வைக்கச் சொல்கிறது. எந்தப் பின்னணியிலிருந்து வந்தவரும் கற்கும்படி பாடத்தை நடத்தும் ‘உள்ளடக்கிய கற்பித்தல்’ என்றால் தரத்தைக் கீழே இறக்குவதுதான் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். எங்கிருந்து தொடங்குவது, ‘நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவன்தான்’ என்ற உணர்வை இந்த மாணவர்களுக்கு எப்படித் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். பகலில் நடக்கும் அதே பாடத்தின் அமைப்பிலிருந்து தொடங்குங்கள். என்ன படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும், எங்கே தடுக்கிவிழுவார்கள் என்பதையெல்லாம் பாடத்துக்குள்ளேயே வெளிப்படையாக வைத்துவிட்டால், தவறுகிறவர்கள் எண்ணிக்கை குறையும். கேள்வித்தாளை எளிமையாக்க வேண்டிய அவசியமே வராது. ஆனால் பாடத்தை மாற்றவேண்டியவர் ஆசிரியர். அவருக்கு நேரமும் துணையும் பாதுகாப்பும் இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் சுற்றறிக்கையோடு நின்றுவிடும். உங்கள் கேள்வியில் ஆசிரியர்களின் நிலைமை பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் அந்தப் பகுதியைச் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

மாலை வகுப்பு ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1970களில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் இத்தனை பேர் ஏன் தவறுகிறார்கள் என்பது அவரைக் குடைந்த கேள்வி. ஆசிரியர்களைக் கேட்டபோது காரணங்கள் உடனே வந்து விழுந்தன: ஆர்வம் இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கம் கிடையாது, வறுமை. அவர் அதோடு விட்டுவிடவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணங்களில் எதுவும் நிற்கவில்லை. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் வீட்டில் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. கறுப்பின மாணவர்கள் அதை அப்படியே கடைப்பிடித்து வாரம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லோரும் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்து முடித்த பிறகு கூடி உட்கார்ந்தார்கள். விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் பிழையை இன்னொருவர் பிடித்தார், பழைய தேர்வுக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கு அந்தக் கூட்டத்தில் யாருக்குமே வரவில்லை என்றால், அது கடினமான கணக்கு என்று புரிந்துகொண்டார்கள். தனியாகப் போராடியவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. தனக்குத்தான் இது ஏறவில்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

ட்ரைஸ்மன் அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று பெயர் வைத்து எதையும் அவர் தொடங்கவில்லை. திறமையுள்ளவர்களுக்கான பட்டறை என்று அழைத்தார். வழக்கமான வீட்டுப்பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்கார்ந்து போடச் சொன்னார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள், சேராத வெள்ளையின, ஆசிய வம்சாவளி வகுப்புத் தோழர்களையும் மிஞ்சினார்கள். அதாவது தரம் அங்கே உயர்ந்தது. மாறியது படிக்கும் முறையும், ‘உன்னால் முடியும் என்பதால்தான் அழைத்தோம்’ என்ற செய்தியும்.

உங்கள் மாலை வகுப்புக்கு ஒரு பட்டியல் ஒட்டப்படும். அதில் தன் பெயரைப் பார்க்கும் மாணவருக்கு என்ன செய்தி போய்ச் சேரும் என்று யோசியுங்கள். தவிர, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாலையில் வரவே முடியாதவர்கள் அவர்கள்தானே. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவருக்கு எட்டாத இடத்தில் உதவியை வைக்கக் கூடாது. எல்லோரும் எப்படியும் இருக்கப்போகும் இடம் வகுப்பறை, எல்லோரும் எப்படியும் எழுதப்போவது அசைன்மென்ட். உதவி அவற்றுக்குள் இருக்க வேண்டும்.

மூத்த ஆசிரியர்களின் தரம் பற்றிய கவலையை நான் மதிக்கிறேன். தங்கள் பாடத்தின் மீது அக்கறை இருப்பதால்தான் அந்தக் கவலை வருகிறது. அவர்களிடம் காட்ட வேண்டிய ஆய்வு 2014இல் சாரா எடி, கெல்லி ஹோகன் இருவரும் வெளியிட்டது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் பெரிய வகுப்பு ஒன்றில் அறிமுக உயிரியல் பாடம் நடந்தது. வெறும் விரிவுரையாக நடந்த பருவங்களையும், கட்டமைப்பைக் கூட்டிய பருவங்களையும் ஒப்பிட்டார்கள். கட்டமைப்பு என்று அவர்கள் சொன்னது மூன்று விஷயங்கள்: வகுப்புக்கு முன்பு என்ன படித்து வர வேண்டும் என்று வழிகாட்டும் கேள்விகள், படித்தார்களா என்று பார்க்க மதிப்பெண் உள்ள சிறு பயிற்சி, வகுப்புக்குள் மாணவர்கள் தாமே செய்து பார்க்கும் வேலை. எல்லோருமே முன்னேறினார்கள். கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி சுருங்கியது. முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த இடைவெளி மறைந்தே போனது.

இதற்குக் காரணம் புரிந்துகொள்ள முடியாதது அல்ல. பெற்றோர் பட்டம் படித்த வீட்டில் வளர்ந்தவருக்குக் கல்லூரியில் எப்படிப் படிப்பது என்று யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். பாடநூலை எப்படி வாசிப்பது, எதைக் குறிப்பெடுப்பது, ஆசிரியரைப் போய்ப் பார்த்தால் தப்பாக நினைக்க மாட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறவர் அதையெல்லாம் தட்டுத்தடுமாறித் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் முதல் பருவத் தேர்வு முடிந்துவிடுகிறது. சொல்லப்படாத அந்த விதிகளைச் சொல்லிவிடுவது சலுகையாகாது. தேர்வு அப்போதுதான் பாடத்தைச் சோதிக்கிறது. இல்லாவிட்டால் அது வீட்டுப் பின்புலத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறது.

இன்னும் பரந்த ஆதாரம் வேண்டுமென்றால், ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவும் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிவியல், கணிதம், பொறியியல் பாடங்களில் வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தவறினார்கள். மாணவர்கள் ஈடுபட்டுச் செய்யும் வகுப்புகளில் அது 21.8 சதவீதம். உங்கள் துறையின் ‘மூன்றில் ஒரு பங்கு’ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 2020இல் எலி தியோபால்டும் சக ஆய்வாளர்களும் செய்த தொகுப்பாய்வு, குறைந்த அளவில் வாய்ப்புப் பெற்ற பிரிவு மாணவர்களின் தேர்வு மதிப்பெண் இடைவெளி இப்படிப்பட்ட வகுப்புகளில் 33 சதவீதமும், தேர்ச்சி இடைவெளி 45 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. ஆனால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி அப்படி நடந்த பாடங்களில்தான் இடைவெளி சுருங்கியது. நாற்பது ஸ்லைடுக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ‘செய்து பார்த்தோம், பலனில்லை’ என்று சொல்வதில் நியாயமில்லை.

வகுப்பில் இது எப்படி இருக்கும் என்று ஒரு பத்து நிமிடத்தைக் காட்டுகிறேன். உயிரியல் வகுப்பு. திரையில் ஒரு கேள்வி: ‘கையளவு விதை பல டன் எடையுள்ள மரமாகிறது. ஈரம் முழுக்க வற்றிய பிறகு அந்தக் கட்டையில் எஞ்சும் எடை பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? அ. மண்ணிலுள்ள சத்துகள், ஆ. வேர் உறிஞ்சிய நீர், இ. காற்று, ஈ. சூரிய ஒளி.’ முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் தாளில் எழுத வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விரல்களால் விடையைக் காட்டுகிறார்கள். மண் என்று நிறையப் பேர் காட்டுவார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவர்களும் மண் என்பார்கள். இப்போது ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. ‘வேறு விடை காட்டிய பக்கத்து மாணவரிடம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம்’ என்கிறார். அறை இரைச்சலாகிறது. ‘மண்ணிலிருந்து வந்திருந்தால் தொட்டியில் மண் குறைந்துகொண்டே போக வேண்டுமே’ என்று ஒருவர் கேட்பார். மறுபடி விரல் காட்டும்போது காற்றுக்குப் பலர் வந்துவிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் சில நிமிடம் விளக்கினால், கரியமில வாயுவிலுள்ள கார்பனும் ஆக்சிஜனும்தான் கட்டையின் எடையில் பெரும்பங்கு என்பது மனத்தில் போய் உட்காரும். கேள்வியை அவர்கள் சொந்தமாக்கிக்கொண்டபிறகு வந்த விளக்கம் அது.

ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இயற்பியல் வகுப்பில் பரவலாக்கிய முறை இது. அந்த முதல் ஒரு நிமிட மௌனத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். வகுப்பில் கேள்வி கேட்டவுடன் கை தூக்குகிற ஐந்து பேர் எப்போதும் இருப்பார்கள். மொழியை மனத்துக்குள் மாற்றி யோசிக்கிறவர், கூச்சமுள்ளவர், தப்பாகச் சொல்லி அவமானப்பட்டவர் இவர்களெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அந்த ஐவரில் ஒருவர் பதில் சொல்லிவிடுவார். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் தொடக்கப்பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாக அதைக் கூட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத குழந்தைகளும் பேசினார்கள். கல்லூரி வகுப்பில் கேட்கும் கேள்விகள் இன்னும் கடினமானவை என்பதால் அங்கே மூன்று விநாடியும் போதாது. அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இப்படி நடத்தத் தொடங்கினால் சில மாணவர்கள் முணுமுணுப்பார்கள். ‘சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்’ என்ற புகார் உங்கள் மேசைக்கு வரும். ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாமே செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனால் மெருகான விரிவுரை கேட்டவர்கள்தான் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை சிரமப்படும்போது கற்கவில்லை என்று தோன்றுகிறது. இதைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். துறைத் தலைவராக நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் புகார் வரும்போது ஆசிரியரின் பக்கம் நிற்பது.

அடுத்தது அசைன்மென்ட். எங்கும் காணக்கூடிய வகை இது: ‘நகர்மயமாதலின் விளைவுகளை விமர்சன நோக்கில் ஆராய்க. 1500 சொற்கள். வெள்ளிக்கிழமைக்குள்.’ இதை வைத்துக்கொண்டு ஒரு முதலாண்டு மாணவர் என்ன செய்வார்? விமர்சன நோக்கு என்றால் குறை சொல்வதா? சொந்தக் கருத்து எழுதலாமா? எத்தனை நூல் பார்க்க வேண்டும்? கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று பயந்து, இணையத்தில் கிடைத்ததைத் தொகுத்துத் தருவார். பிறகு அதற்குக் குறைந்த மதிப்பெண் போட்டு, ‘ஆழமில்லை’ என்று ஓரத்தில் எழுதுவோம்.

அதே பணியை இப்படித் தரலாம். ‘நோக்கம்: ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடக் கற்பது, மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு இது தேவைப்படும். பணி: தரப்பட்ட இரண்டு கட்டுரைகளை வாசியுங்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள், எந்தத் தரவை யார் விட்டுவிட்டார் என்று ஒரு பக்கத்தில் குறித்து புதன்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் முழுக் கட்டுரை. மதிப்பீடு: இரு தரப்பையும் நேர்மையாகச் சொன்னதற்கு எவ்வளவு, ஆதாரத்தோடு ஒரு முடிவுக்கு வந்ததற்கு எவ்வளவு, மொழிக்கு எவ்வளவு.’ கூடவே சென்ற ஆண்டின் நல்ல கட்டுரை ஒன்றும், சுமாரான கட்டுரை ஒன்றும் பெயர் நீக்கித் தந்தால் இன்னும் நல்லது. மேரி-ஆன் விங்கல்மெஸ் என்ற கல்வியாளர் நோக்கம், பணி, மதிப்பீடு என்ற இந்த மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லும் முறையைப் பல கல்லூரிகளில் பரப்பியிருக்கிறார். ஆசிரியர் ஒருவர் ஒரு மாலையில் செய்யக்கூடிய மாற்றம் இது, காசும் செலவில்லை. இரண்டாவது வடிவம் முதலாவதைவிடக் கடினமானது என்பதையும் உங்கள் மூத்த ஆசிரியர்களுக்குக் காட்டுங்கள்.

தேர்வு முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பருவ முடிவில் ஒரே பெரிய தேர்வு வைத்தால், தான் புரிந்துகொள்ளவில்லை என்பது மாணவருக்கு மிகத் தாமதமாகத்தான் தெரியவரும். வாரம் ஒரு சிறு தேர்வு, குறைந்த மதிப்பெண்ணுக்கு வைத்தால், அது மதிப்பீடு மட்டுமின்றிக் கற்கும் வழியாகவும் ஆகிறது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை தாமே நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 61 சதவீதம். திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் படிப்பு என்று நம்பி இரவெல்லாம் கண்விழிக்கும் மாணவர்களுக்கு இந்த எண்களை முதல் வகுப்பிலேயே காட்டுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதிகளை விண்ணப்பம், சான்றிதழ், கையொப்பம் என்று அலைய வைத்த பிறகு தருவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதியை எல்லோருக்குமே தந்துவிடலாம். காணொளிகளில் வசனவரி, திரைவாசிப்பானில் (பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள்) வேலை செய்யும் கோப்பு, வகுப்புக்கு முன்பே ஸ்லைடு, அவசரம் தேவைப்படாத தேர்வுகளில் தாராளமான நேரம். காது கேளாதவருக்காகப் போட்ட வசனவரி, இரண்டாம் மொழியில் படிக்கிறவருக்கும் இரைச்சலான வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் சேர்த்தே பயன்படுகிறது.

ஆசிரியர் மனத்தில் இருப்பதும் மாணவர் மதிப்பெண்ணில் தெரிகிறது என்பதை நிறையப் பேர் நம்புவதில்லை. 2019இல் எலிசபெத் கேனிங்கும் குழுவும் ஒரு பல்கலைக்கழகத்தில் 150 அறிவியல், தொழில்நுட்பப் பேராசிரியர்களையும் அவர்களிடம் படித்த 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஆராய்ந்தார்கள். ‘அறிவு பிறவியிலேயே வருவது, அதை மாற்ற முடியாது’ என்று நம்பிய ஆசிரியர்களின் வகுப்புகளில் இனவாரியான மதிப்பெண் இடைவெளி, அப்படி நம்பாதவர்களின் வகுப்புகளில் இருந்ததைப் போல இரு மடங்கு இருந்தது. ஆகவே முதல் நாள் வகுப்பில் ‘உங்களில் பாதிப் பேர் தேறமாட்டீர்கள்’ என்று சொல்லும் பழக்கம் உங்கள் துறையில் யாருக்காவது இருந்தால் அதை நிறுத்துங்கள். கண்டிப்பைக் கைவிட வேண்டியதில்லை. 1999இல் ஜெஃப்ரி கோஹனும் சக ஆய்வாளர்களும் கண்டது போல, கடுமையான திருத்தங்களோடு ‘இங்கே தரம் உயர்ந்தது, உன் எழுத்தைப் பார்த்ததில் அதை எட்ட உன்னால் முடியும் என்று நினைக்கிறேன்’ என்று சேர்த்துச் சொன்னால், கறுப்பின மாணவர்கள் அந்தத் திருத்தங்களை நம்பி எடுத்துக்கொண்டார்கள். வெறும் பாராட்டு அந்த வேலையைச் செய்யவில்லை.

‘நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவன்தான்’ என்ற உணர்வு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிரிகரி வால்டனும் கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் எல்லோருக்கும் இந்தத் தடுமாற்றம் வரும், பிறகு சரியாகிவிடும் என்று உணரவைக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் இடைவெளியை மூன்று ஆண்டுகளில் பாதியாகக் குறைத்தது. இதைப் படித்தவுடன் அறிமுக வாரத்தில் ஒரு சொற்பொழிவு வைத்தால் போதும் என்று தோன்றலாம். 2023இல் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் அதையே சோதித்தபோது, அந்த மாணவர்கள் உண்மையாகவே ஒட்டிக்கொள்ள வாய்ப்புத் தந்த நிறுவனங்களில்தான் பலன் இருந்தது. சேர்த்துக்கொள்ளாத இடத்தில் ‘நீங்கள் எங்களில் ஒருவர்’ என்று சொல்லிப் பயனில்லை.

இனி ஆசிரியர்கள். மேலே சொன்ன அத்தனைக்கும் நேரம் வேண்டும். ஒரு பாடத்தை இப்படித் திருப்பி எழுத முதல் முறை கணிசமான உழைப்பு பிடிக்கும். வாரம் முழுக்க வகுப்பு, நடுவில் நிர்வாகப் படிவங்கள், இரவில் விடைத்தாள் என்று இருப்பவரிடம் போய் ‘இன்னும் எல்லோரையும் உள்ளடக்கி நடத்துங்கள்’ என்று சொன்னால் அவர் காதில் இன்னொரு சுமையாகத்தான் விழும். அவர் அப்படி எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

வழக்கமாக நிறுவனங்கள் இதற்குச் செய்வது இரண்டு நாள் பயிலரங்கு. பயிலரங்குகளின் பலன் என்ன என்பதற்கு டயேன் ஈபர்ட்-மே குழு 2011இல் தந்த தரவு இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களில் 89 சதவீதம் பேர் தங்கள் வகுப்பை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். காணொளியில் பார்த்தபோது அவர்களில் 75 சதவீதம் பேரின் வகுப்பு விரிவுரையாகவே இருந்தது. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மாற்ற விரும்பினார்கள், தனியாக விடப்பட்டார்கள், அழுத்தம் வந்ததும் பழகிய வழிக்குத் திரும்பினார்கள். பயிலரங்கில் வாங்கிய கோப்பும் சான்றிதழும் வகுப்பறைக்குள் கூட வருவதில்லை.

கூட வருவது ஆள்தான். இயற்பியலில் 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் முன்னெடுத்த திட்டத்தின் அடிப்படை இதுதான். பணத்தைத் துறைகளுக்கே கொடுத்தார்கள். அந்தந்தத் துறைப் பாடத்தில் முனைவர் பட்டம் பெற்று, கற்பித்தலிலும் பயிற்சி எடுத்தவர்களைத் துறைக்குள்ளேயே அமர்த்தினார்கள். அவர்கள் ஒரு பேராசிரியரோடு ஒரு பாடத்தை எடுத்து, இலக்குகளை எழுதி, கேள்விகளை உருவாக்கி, வகுப்பில் கூட உட்கார்ந்து, அடுத்த பருவத்தில் திருத்தினார்கள். உங்களிடம் அவ்வளவு நிதி இருக்காது. ஆனால் அதன் சாரத்தைக் காசில்லாமல் செய்ய முடியும்: ஒரே பாடத்தை நடத்தும் இரண்டு மூன்று ஆசிரியர்களைச் சேர்த்துவிட்டு, ஒரு பருவத்துக்கு அவர்களுடைய ஒரு பாடவேளையையோ ஒரு குழுப் பொறுப்பையோ குறைத்துத் தாருங்கள். நேரம் தராமல் கேட்கும் எதுவும் நீடிக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காரட்டும். குறை கண்டுபிடித்து அறிக்கை எழுதுவதற்காக அல்ல. ‘கடைசி மூன்று வரிசையில் யார் யார் பேசினார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்’ என்பது போல, நடத்துகிறவரே கேட்ட ஒரே விஷயத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தது அவரிடம் மட்டும் போக வேண்டும், உங்களிடம்கூட வரக் கூடாது. பருவத்தின் நடுவில் இன்னொருவர் வகுப்புக்கு வந்து, ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து ‘இந்தப் பாடத்தில் உங்களுக்கு எது உதவுகிறது, எது தடுக்கிறது, எதை மாற்றலாம்’ என்று கேட்டுத் தொகுத்துத் தரலாம். பருவ முடிவுக் கருத்துப்படிவம் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான் பயன்படும். நடுவில் கேட்டால் கேட்டவர்களுக்கே பயன்படும், ஆசிரியருக்கும் திருத்திக்கொள்ள வாய்ப்பு இருக்கும்.

கருத்துப்படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனமாக இருங்கள். 2015இல் லிலியன் மெக்நெல்லும் சக ஆய்வாளர்களும் ஓர் இணையவழிப் பாடத்தில் உதவி ஆசிரியர்கள் ஆணா பெண்ணா என்பதை மாணவர்களுக்கு மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். சிறிய சோதனைதான். வீட்டுப்பாடத்தை ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தும், விரைவாகத் திருப்பித் தந்ததற்கு ‘ஆண்’ ஆசிரியருக்கு ஐந்தில் 4.35, ‘பெண்’ ஆசிரியருக்கு 3.55. மாணவர் மதிப்பீட்டை மட்டும் வைத்துப் பதவி உயர்வு முடிவு செய்யும் இடத்தில், புது முறையை முயலும் இளம் ஆசிரியர் இரட்டிப்பாக அடிபடுவார். ஒரு பாடத்தை மாற்றியமைக்கும் முதல் பருவத்தில் அந்த மதிப்பெண் அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தை போதாது.

பகுதிநேர, ஒப்பந்த ஆசிரியர்களை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதில்லை. முதலாண்டு வகுப்புகள் பல இடங்களில் அவர்கள் தலையில்தான் இருக்கின்றன. உட்கார அறை இல்லாதவரை மாணவர் எங்கே போய்ப் பார்ப்பார்? வகுப்பு தொடங்க இரண்டு நாள் முன்பு பாடம் ஒதுக்கப்பட்டவர் எப்படித் திட்டமிடுவார்? அவர்களுக்கு முன்கூட்டியே பாடத்தை உறுதிசெய்வது, ஆயத்தமாக இருக்கும் கேள்விகளையும் அசைன்மென்ட்டுகளையும் துறைப் பொதுக்கோப்பில் வைப்பது, கூட்டத்துக்கு வந்தால் அந்த நேரத்துக்கும் ஊதியம் தருவது இவை மூன்றும் மாணவர்களுக்கான உதவி என்றே நான் கணக்கில் வைப்பேன். இன்னொன்று: மாணவர் அழுதுகொண்டு வந்து நிற்பது எப்போதும் அதே இரண்டு மூன்று ஆசிரியர்களிடம்தான், பெரும்பாலும் பெண்கள், அல்லது அந்த மாணவர்களைப் போன்ற பின்னணியிலிருந்து வந்தவர்கள். அந்த வேலை எந்தப் பணிப்பதிவேட்டிலும் இல்லை. அதைப் பதிவு செய்து பணிச்சுமையில் சேருங்கள்.

பாடத்துக்குள் தீராத பிரச்சினைகளும் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்கச் சம்மதிக்கும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் விழும் துண்டு, பாடநூல், போக்குவரத்துச் சீட்டு மூன்றையும் தந்து, குறைந்த எண்ணிக்கை மாணவர்களை மட்டும் கவனிக்கும் ஆலோசகர் ஒருவரையும் கொடுத்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், இரண்டாண்டுப் பட்டத்தை மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம். இந்த அளவு உங்கள் துறையின் கையில் இல்லை. ஆனால் ஒரு மாணவர் தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லை என்றால் யார், எத்தனை நாளுக்குள், அவரைக் கூப்பிட்டுப் பேசுவது என்பதை முடிவு செய்வது துறையின் கையில்தான் இருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுப்பேன், அதிகம் பேர் தவறுகிற பாடத்தை. அதை நடத்தும் ஆசிரியர்களில் விருப்பமுள்ள இருவரைக் கேட்பேன், கட்டாயப்படுத்த மாட்டேன். இரண்டு அசைன்மென்ட்டுகளை மேலே காட்டியது போல மாற்றி எழுதச் சொல்வேன். வாரம் ஒரு சிறு தேர்வு, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு விவாதக் கேள்வி, அதற்கு ஈடாக ஒரு பாடவேளைக் குறைப்பு. இறுதித் தேர்வுக் கேள்வித்தாளை மட்டும், தரம் பற்றிக் கவலைப்படும் அந்த மூத்த ஆசிரியர்களையே எடுக்கச் சொல்வேன். பழைய கடினத்தோடு எடுக்கட்டும், அவர்களே திருத்தட்டும். முடிவு வந்ததும் மொத்தத் தேர்ச்சியோடு நிறுத்தாமல், முதல் தலைமுறையினர், வேலைக்குப் போகிறவர்கள், வேற்று மொழி வழியில் வந்தவர்கள் என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பிரிவில் இடைவெளி அப்படியே இருந்தால், எந்த வாரத்துச் சிறு தேர்வில் அவர்கள் சரியத் தொடங்கினார்கள் என்று தேடி, அந்த வாரம் என்ன நடந்தது என்று அவர்களில் நான்கைந்து பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.